கட்டையும் சங்கிலியும்

சென்னை மெட்ரோவில் ஏறி வடக்கே கடைசி வரை போனால் விம்கோ நகர் வரும். பக்கத்து ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். திருவொற்றியூரில் இயங்கிய ஒரு தீப்பெட்டி ஆலையால் வந்த பெயர் அது. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ. முதலாளி ஸ்வீடன்காரர். பம்பாய்ப் பக்கம் அம்பர்நாத், வடக்கே பரேலி, கிழக்கே கல்கத்தா, அசாமில் துப்ரி என்று நான்கு திசையிலும் அதற்கு ஆலைகள் இருந்தன. அந்தக் கம்பெனியோடு ஐம்பது அறுபது ஆண்டுகள் மல்லுக்கட்டியவர்கள் இருந்த இடம் வேறு. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று கரிசல் காட்டு ஊர்கள். அங்கே இயந்திரம் கிடையாது. மரச்சட்டமும் தகரத் தட்டும் பெண்களின் விரல்களும்தான். ஊரில் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்.

பெரிய கம்பெனித் தொழில்நுட்பத்துக்கு மாற்றாகச் சிறிய, நியாயமான தொழில்நுட்பம் சாத்தியமா என்று கேட்டால் ராட்டையையோ கோபர் கேஸையோ உதாரணம் காட்டுவது வழக்கம். நான் தீப்பெட்டியைத்தான் காட்டுவேன். உலகத்தையே வளைத்துப்போட்ட ஒரு கம்பெனியோடு சின்ன ஆட்கள் சந்தையில் நேருக்கு நேர் மோதி நின்ற தொழில் இது. பாதி வெற்றி, பாதி வெட்கக்கேடு. இரண்டுக்கும் காரணம் தெரிய வேண்டுமானால் குச்சியின் தலையில் இருக்கும் மருந்திலிருந்து தொடங்க வேண்டும்.

தலை மருந்தில் ஏறத்தாழ பாதி பொட்டாசியம் குளோரேட். சூடு பட்டால் ஆக்சிஜனைக் கொடுக்கும் உப்பு அது. கூடவே கொஞ்சம் கந்தகம், கண்ணாடித் தூள், நிறத்துக்கு ஏதாவது ஒரு ஆக்சைடு, எல்லாவற்றையும் பிடித்துவைக்க வஜ்ஜிரப் பசை. பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்புப் பாஸ்பரஸ், ஆன்டிமணி சல்பைடு, மறுபடியும் கண்ணாடித் தூள். உரசும்போது கண்ணாடித் தூள் சூட்டைக் கிளப்புகிறது. துளியளவு பாஸ்பரஸ் குளோரேட்டைத் தொட்டதும் பற்றுகிறது. அந்தச் சூட்டில் குளோரேட் ஆக்சிஜனை விடுகிறது, கந்தகம் எரிகிறது, குச்சியின் நுனியில் ஊறியிருக்கும் மெழுகு ஆவியாகித் தீயை மரத்துக்குக் கடத்துகிறது. கண் சிமிட்டும் நேரத்தில் நான்கு கட்டம் முடிந்துவிடும்.

குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரஸும் உலர்ந்த நிலையில் கலந்தால் லேசான உரசலுக்கே வெடிக்கும். இரண்டையும் பிரித்து, ஒன்றைக் குச்சியிலும் மற்றதைப் பெட்டியிலும் வைத்ததுதான் பாதுகாப்புத் தீப்பெட்டியின் முழு சூட்சுமம். 1844-இல் ஸ்வீடனின் குஸ்டாஃப் எரிக் பாஷ் அந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். யோன்ஷோப்பிங் ஊரின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் 1850-களில் அதை விற்கத்தக்க சரக்காக்கினார்கள். அதற்கு முன் ஐரோப்பாவில் எரிந்ததில் பெரும்பாலானது வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி. வெள்ளைப் பாஸ்பரஸ் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியே காற்றில் தானாகப் பற்றிக்கொள்ளும். கோவில்பட்டிச் சித்திரை வெயிலில் அதைத் தண்ணீருக்கு வெளியே எடுக்கவே முடியாது. சிவப்புக்கு 240 டிகிரிக்கு மேல் வேண்டும். மருந்தின் குணமே தொழிலின் அமைப்பையும் தீர்மானிக்கிறது. தலை மருந்து ஒரு பக்கம், சைடு மருந்து இன்னொரு பக்கம், நடுவில் தள்ளி இரண்டு கட்டடம். ஒரே கூரைக்குக் கீழே எல்லாம் நடக்க வேண்டிய அவசியம் இதில் இல்லை. சொல்லப்போனால் நடக்கவே கூடாது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். பெரிய தீப்பெட்டி ஆலையின் உயிர்நாடி ஒரு முடிவில்லாச் சங்கிலி. வரிசை வரிசையாகத் துளை போட்ட இரும்புத் தகடுகளைக் கோத்தது. ஒரு முனையில் குச்சிகள் துளைகளில் குத்தி நிறுத்தப்படும். சங்கிலி நகர்ந்து மெழுகில் இறங்கும், மருந்துத் தொட்டியைத் தொடும், பிறகு காற்று வீசும் நீளமான பாதையில் மேலும் கீழுமாகச் சுற்றிச் சுற்றி உலரும். கடைசியில் குச்சிகள் தள்ளப்பட்டுப் பெட்டிக்குள் விழும். இயந்திரத்தின் நீளத்தில் பெரும்பகுதி வெறுமனே உலர்வதற்காக இருக்கிறது.

கரிசல் காட்டுக்காரர்கள் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டி ஆள் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். ஒவ்வொரு துண்டும் ஒரு கட்டை. கட்டை என்பது செவ்வகச் சட்டம். அதற்குள் பள்ளம் கீறிய மெல்லிய மரச்சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும். அடுக்குகிறவர் மடிப்பக்கம் கட்டையைச் சாய்த்து வைத்துக்கொள்வார். ஒரு கைப்பிடி குச்சியை அள்ளிச் சில்லின்மேல் பரப்பி உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் பள்ளத்துக்கு ஒன்றாகக் குச்சி படுத்துக்கொள்ளும். மிச்சத்தை வழித்துவிட்டு அடுத்த சில்லை வைப்பார். கண் குச்சியில் இருக்காது, பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். சட்டம் நிறைந்ததும் திருகி இறுக்கி, நுனிகள் ஒரே மட்டமாக இருக்கத் தட்டிவிட்டால் கட்டை தயார். கூலி கட்டைக் கணக்கு.

பிறகு மருந்து முக்குகிறவரின் வேலை. கூழ்ப் பதத்தில் இருக்கும் மருந்தைத் தட்டையான தட்டில் ஒரே கனத்துக்குப் பரப்பி, கட்டையைக் கவிழ்த்து ஒரு அழுத்து. குச்சித் தலையின் பருமனைத் தீர்மானிப்பது அந்தப் படலத்தின் கனமும் கூழின் பதமும்தான். தண்ணீர் கூடினால் மருந்து வழிந்து குச்சியோடு இறங்கிவிடும். குறைந்தால் வால் இழுத்துக்கொண்டு நிற்கும். சரியான பதத்தில் இருந்தால் மேற்பரப்பு இழுவிசை மீதியைப் பார்த்துக்கொள்ளும், ஒவ்வொரு நுனியிலும் மருந்து தானே உருண்டு திரளும். ஆலையில் இதற்கு அளவுமானியும் வெப்பக் கட்டுப்பாடும் உண்டு. இங்கே முக்குகிறவரின் மணிக்கட்டு. ஈரமாக இருக்கும்வரை மருந்து சாது. உலர்ந்து தரையில் சிந்திக் கிடப்பதுதான் எமன்.

உலர்த்தும் பாதைக்குப் பதில் கரிசல் வெயில். பசை ஈரத்தை இழுக்கும் பொருள். காற்றில் ஈரம் இருந்தால் மருந்து நமத்துப் போகும், உரசினால் பிசுபிசுத்துக் கரையும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்த மண்ணுக்கு ஐப்பசி, கார்த்திகை விட்டால் பெரும்பாலும் வறட்சிதான். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த அதே வானம் ஒரு இயந்திரத்தின் முக்கால் பாகத்தைத் தேவையற்றதாக்கிவிட்டது. மானாவாரிப் பருத்தியும் கம்பும் முடிந்ததும் வேலையற்று நிற்கும் கைகளும் ஊருக்கு ஊர் கிடைத்தன. குச்சி மட்டும் கரிசலில் விளையாது. அது மலையாளத்திலிருந்து மூட்டை மூட்டையாக வர வேண்டும், மட்டி மாதிரி மெது மரங்களைச் சீவி நறுக்கியது.

இதைத் தொடங்கிவைத்தவர்கள் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு திரும்பி, 1923-இல் தீப்பெட்டி தயாரிப்பில் இறங்கினார்கள். முதலில் வைத்துப் பார்த்தது ஜெர்மன் இயந்திரம். சில ஆண்டுகளில் கைமுறைக்கு வந்துவிட்டார்கள். விம்கோ தொடங்கியதும் அதே 1923-இல்தான். இது தற்செயல் இல்லை. 1922-இல் அரசாங்கம் இறக்குமதித் தீப்பெட்டிக்கு குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. சரக்கின் விலையை விட வரி கூடுதல். அந்த மதிலைத் தாண்ட முடியாத ஸ்வீடன் கம்பெனி மதிலுக்கு உள்ளேயே ஆலை கட்டியது. மதில் கொடுத்த நிழலில் சிவகாசிக்காரர்களும் கடை விரித்தார்கள்.

அந்த ஸ்வீடன் கம்பெனியான ஸ்வீடிஷ் மேட்சின் தலைவர் ஐவர் க்ரூகர். பணமுடை வந்த அரசாங்கங்களுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டின் தீப்பெட்டி ஏகபோகத்தை எழுதி வாங்குவது அவர் பாணி. ஜெர்மனிக்கு மட்டும் 12.5 கோடி டாலர் கொடுத்தார். அங்கே அந்த ஏகபோகம் 1983 வரை நீடித்தது. உலகத் தீப்பெட்டி உற்பத்தியில் பாதிக்கு மேல் அவர் கையில் இருந்த காலம் உண்டு. 1932 மார்ச்சில் பாரிஸில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். பிறகு கணக்கைப் புரட்டிப் பார்த்தால் பாதி புகை. அவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்தைக் கட்டியது வேதியியல் இல்லை, கடன் பத்திரம்.

சிறியது, பெரியது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. சில தொழில்களில் பெரிய அளவை இயற்பியலே கேட்கும். ஒரு கொதிகலனின் உயரம், அகலம், நீளம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும். அதைச் சுற்றித் தேவைப்படும் இரும்புத் தகடு நான்கு மடங்குதான். வெளியே இழக்கும் சூடும் நான்கு மடங்குதான். அதனால் உலையும் கொதிகலனும் பெரிதாக ஆகச் சரக்கு மலிகிறது. பாஸ்பரஸ் இந்த ரகம். பாறையையும் கரியையும் மின்னுலையில் ஏறத்தாழ 1500 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும். குடிசையில் முடியாத காரியம். இந்தியாவில் சிவப்புப் பாஸ்பரஸ் செய்யத்தான் 1969-இல் ரஜ்ஜு ஷ்ராஃப் யுனைடெட் பாஸ்பரஸைத் தொடங்கினார். இன்று யூபிஎல் என்ற பெயரில் உலகச் சந்தையில் பூச்சிமருந்து விற்கும் பெருநிறுவனம் அதுதான்.

தலை மருந்து கலக்கும் வேலைக்கு இந்தக் கணக்கு தலைகீழ். வெடிக்கக்கூடிய கலவையில் பெரிய தொட்டி ஆபத்து. உள்ளே உண்டாகும் சூடு கொள்ளளவைப் பொறுத்தது, வெளியேறும் வழி மேற்பரப்பைப் பொறுத்தது. சின்னத் தொட்டி சீக்கிரம் ஆறும், தவறினாலும் சேதம் சின்னது. குச்சிக்குச் சின்னது பெரியது தெரியாது. ஒவ்வொரு தலையும் தனியாகத்தான் பற்றி எரிகிறது. ஆக, தீப்பெட்டியின் மேல்முனையில் இருக்கும் பாஸ்பரஸுக்கும் குளோரேட்டுக்கும் பெரிய ஆலை வேண்டும். கீழ்முனையில் முக்குவதற்கும் அடைப்பதற்கும் ஒட்டுவதற்கும் வேண்டியதில்லை. அங்கே இருந்த பெரிய கம்பெனி பணபலத்தால் பெரியது, அவ்வளவே. கரிசல் காட்டு ஆபீஸ்கள் சரியாக அந்த இடுக்கில்தான் நுழைந்தன.

நுழைந்தார்கள், சரி. நிலைத்தது எப்படி? வரியால். 1934-இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் உற்பத்தி வரி வந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் பாண்ட்ரோல் என்ற வரிச்சீட்டை ஒட்ட வேண்டும். காலப்போக்கில் இயந்திர ஆலைக்கு ஒரு விகிதம், கைத்தொழிலுக்குக் குறைந்த விகிதம், குடிசைக்கு அதிலும் குறைவு என்று படிநிலை வந்தது. பிற்பாடு சிறுதொழிலுக்கு என்றே ஒதுக்கிய பட்டியலிலும் தீப்பெட்டி இடம்பெற்றது. தொழில்நுட்பத்தில் இழந்த காசை வரியில் ஈடுகட்டியது சட்டம். இதில் நடந்த தில்லுமுல்லையும் சொல்ல வேண்டும். சின்ன யூனிட்டுக்குச் சலுகை என்றதும் ஒரே குடும்பம் மனைவி பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று என்று பல ஆபீஸ் நடத்தியது. காகிதத்தில் குடிசை, கல்லாவில் கம்பெனி.

1934 டிசம்பரில்தான் காந்தி அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கி, தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவிடம் ஒப்படைத்தார். குமரப்பா கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்த கணக்காளர். கடைசிக் காலத்தில் விருதுநகரிலிருந்து அதிகத் தொலைவில்லாத தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் இருந்தார். இயந்திரம் கூடாது என்பது அவர் கட்சி இல்லை. ஒரு கருவி வருமானத்தைப் பரப்புகிறதா, ஒரு இடத்தில் குவிக்கிறதா என்பதே அவர் கேட்ட கேள்வி. 1970-களில் பொருளாதார அறிஞர் ஷூமாக்கர் எழுதி உலகப் புகழ் பெற்ற இடைநிலைத் தொழில்நுட்பக் கருத்துகளுக்குக் குமரப்பாவும் ஒரு மூலம். குமரப்பாவின் உரைகல்லில் தீப்பெட்டி ஆபீஸை உரசினால் முதல் உரசலில் நன்றாகவே பற்றும். கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் எல்லாம் வீடு வீடாக, கிராமம் கிராமமாகப் பரவிய வேலை. ஒரு சங்கிலி இயந்திரத்தின் கூலி ஆயிரம் அடுப்படிக்குப் பிரிந்தது.

இரண்டாவது உரசலில்தான் விஷயம் வெளிவரும். அந்த ஆயிரம் அடுப்படியில் குச்சியை அடுக்கியவர்களில் எட்டு வயதும் பத்து வயதும் நிறைய. விடியலுக்கு முன்பே ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் ஏறும் பிள்ளைகள் இருட்டிய பிறகு திரும்புவார்கள். 1983-இல் ஸ்மிது கோத்தாரி எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய கட்டுரை நாட்டை உலுக்கியது. சலம் பென்னூர்கர் 1990-இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தை எடுத்தார். கோவில்பட்டிக்காரரான எழுத்தாளர் பூமணி 'கருவேலம்பூக்கள்' படத்தை எடுத்தார், இந்த மண்ணை உள்ளிருந்து பார்த்த கண் அது. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பை அபாயத் தொழில் பட்டியலில் வைத்தது. 1996 டிசம்பரில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

லண்டனில் இதே மாதிரி ஒரு கதை நடந்திருக்கிறது, சற்று வேறு விதமாக. வெள்ளைப் பாஸ்பரஸ் புகையால் தாடை எலும்பு அழுகிச் சாகும் நோய் அங்கே தீப்பெட்டிப் பெண்களைத் தின்றுகொண்டிருந்தது. 1888-இல் பிரையன்ட் அண்ட் மே ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று ஆண்டு கழித்து இரட்சணிய சேனை கிழக்கு லண்டனில் சொந்தமாக ஒரு தீப்பெட்டி ஆலை திறந்தது. சிவப்புப் பாஸ்பரஸ் மட்டும், காற்றோட்டமான கட்டடம், கூலியும் கூடுதல். விலையும் கூடுதல். மனசாட்சி உள்ளவர்கள் வாங்கினார்கள். மனசாட்சிச் சந்தை எவ்வளவு பெரிது? பத்தே ஆண்டில் ஆலை மூடியது, 1901-இல் அது பிரையன்ட் அண்ட் மே கைக்கே போனது. அதே காலத்தில் பிரையன்ட் அண்ட் மேயும் வெள்ளைப் பாஸ்பரஸைக் கைவிட்டது. நேர்மையாக நடத்தப்பட்ட லண்டன் ஆலைக்குச் சட்டத்தின் துணை இல்லை, மாண்டது. கரிசல் ஆபீஸ்களுக்குத் துணை இருந்தது, நேர்மை இல்லை, பிழைத்தன.

என் கணிப்பு இது: கைத்தொழில் இயந்திரத்தை வென்ற விலைக்குள் வரிச்சலுகை பாதி என்றால், குழந்தைகளின் விரல் மீதி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், பெண்களுக்கு நூல் மில்லும் பிற்பாடு நூறு நாள் வேலையும் கிடைத்தன. கட்டை அடுக்க ஆள் இல்லை. கணக்கு உதைத்தது. முக்குவதற்கு ஒரு இயந்திரம், அடைப்பதற்கு ஒரு இயந்திரம் என்று ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக மாறின. வசதி உள்ளவர்கள் முழுச் சங்கிலியையே நிறுத்தினார்கள். அறம் சிறுதொழிலைக் கொன்றுவிட்டது என்று இதற்கு ஒப்பாரி வைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு தொழில்நுட்பம் பத்து வயதுப் பிள்ளையின் தூக்கத்தைத் தின்றுதான் நிற்கும் என்றால், அது நிற்காமல் போவதே நல்லது.

ஆனால் கூடவே வேறொன்றும் நடந்தது. அரசின் பாதுகாப்பு ஒவ்வொரு செங்கல்லாகப் பெயர்க்கப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் ஐடிசி தீப்பெட்டியில் இறங்கியபோது சின்ன ஆபீஸ்களிடமே சரக்கு வாங்கித் தன் பெயரை ஒட்டி விற்றது. 2005-இல் விம்கோவையும் வாங்கியது. 2015 ஏப்ரலில் சிறுதொழிலுக்கு மிச்சமிருந்த கடைசி 20 பொருள்களின் ஒதுக்கீடும் நீங்கியது, அதில் தீப்பெட்டி ஒன்று. ஜிஎஸ்டி வந்தபோது கைத்தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, மற்றதற்கு 18. 2020 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12 ஆனது. கைக்கும் இயந்திரத்துக்கும் வரியில் வேற்றுமை இல்லை என்று ஆனது.

மேல்முனையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது 2021-இல் தெரிந்தது. சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810-க்குத் தாவியது. மெழுகும் அட்டையும் கூடவே ஏறின. 14 ஆண்டாக ஒரு ரூபாயாக இருந்த பெட்டியை டிசம்பர் முதல் தேதியிலிருந்து 2 ரூபாயாக்கினார்கள், பெட்டிக்கு 36 குச்சி என்பதை 50 ஆக்கி. அடுக்குகிற கூலியைக் கசக்கலாம், கசக்கினார்கள். பாஸ்பரஸ் விலையிடம் கெஞ்ச முடியாது. தலை மருந்தில் பசையை இறுக்கச் சேர்க்கும் பொட்டாசியம் டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அதற்கு மாற்று தேடும் ஆராய்ச்சிச் செலவும் ஒரு தனி ஆபீஸால் தாங்கக்கூடியது இல்லை. சேர்ந்து வாங்குவது, சேர்ந்து சோதிப்பது, ஒரு சங்கிலியைப் பத்துப் பேர் சேர்ந்து நிறுத்துவது என்று கூட்டுறவுக்கு இடமிருந்த தொழில் இது. பண்டலுக்கு ஒரு ரூபாய் குறைத்து விற்றுப் பக்கத்து ஆபீஸை வீழ்த்துவதிலேயே ஊர் மும்முரமாக இருந்துவிட்டது.

இப்போது எதிரி விம்கோ இல்லை, பத்து ரூபாய்ப் பிளாஸ்டிக் லைட்டர். ஒரு லைட்டர் 20 தீப்பெட்டியின் இடத்தைப் பிடிக்கிறது என்று 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. லைட்டராக வராமல் உதிரிபாகமாக வந்தது, 2024 அக்டோபரில் அதற்கும் தடை போட்டார்கள். நூறு ஆண்டுக்கு முன் கட்டிய அதே வரி மதிலின் இன்னொரு வடிவம்தான் இது. கேஸ் அடுப்பின் பக்கத்தில் தொங்கும் லைட்டரை மட்டும் எந்த மதிலாலும் தடுக்க முடியவில்லை. அதற்குள் எரிபொருளும் இல்லை, மருந்தும் இல்லை. வில் விசையில் ஒரு சின்னச் சுத்தியல் படிகத்தின்மேல் அடிக்கிறது. அடியில் நசுங்கும் படிகம் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தை உண்டாக்கிப் பொறி விடுகிறது. ஆயிரக்கணக்கான முறை அடித்தாலும் படிகம் தேயாது. கோவில்பட்டியிலும் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பெண் உலை வைக்க எடுப்பது பெரும்பாலும் அதைத்தான். தீப்பெட்டி இருப்பது சாமி மாடத்தில், பத்தி கொளுத்த.